பொம்பளைக்குப் பொம்பளை

"பச்சையைக் காணோம்" என்றார் இக்னேஷியஸ்.

பூங்காவனம் ஹேங்கர்களை இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். ரோஸ் இருந்தது, கண்ணாடித் துண்டு வைத்துத் தைத்த கறுப்பு இருந்தது, ஆரஞ்சு ஷோகேஸ் பொம்மை மேல் இருந்தது. பச்சை இல்லை.

"போன வாரம் நீலம். இந்த வாரம் பச்சை" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்திப் பூந்தமல்லியில் யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

"வித்துப் போயிருக்குமோ மொதலாளி?"

"வித்தா பில்லு இருக்கும். பில்லு இல்ல."

இருவரும் கடையின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே டிரையல் ரூம் இருந்தது.

பிளைவுட்டில் அடித்த சின்ன அறை அது. நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கும். உள்ளே ஆளுயரக் கண்ணாடி, துணி மாட்ட ஒரு கொக்கி, கதவுக்குத் தாழ்ப்பாள். தொண்ணூற்றொன்றாம் வருஷத்தில் அந்த டிரங்க் ரோட்டில் வேறு எந்தத் துணிக்கடையிலும் அப்படி ஒன்று கிடையாது. காலேஜ் பெண்கள் மட்டும் போட்டுக்கொண்டிருந்த சுடிதார் அப்போதுதான் மற்றவர்களிடமும் வரத் தொடங்கியிருந்தது. புடவை என்றால் தோளில் போட்டுப் பார்த்தால் போதும். சுடிதாரைத் தோளில் போட்டுப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் இக்னேஷியஸ் அந்த அறையை அடித்து, 'இங்கே போட்டுப் பார்த்து வாங்கலாம்' என்று வாசலில் எழுதியும் வைத்தார். ஐயப்பன்தாங்கலிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

அறைக்குப் பொறுப்பு பூங்காவனம். துணியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது அவள் வேலை. திருமழிசையிலிருந்து வருகிறவள். அவள் புருஷன் ஆனந்தன் வேலை பார்த்த, பாடியிலிருந்த கம்பெனியைப் பொங்கலுக்குப் பிறகு பூட்டிவிட்டார்கள். வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கடையால்தான்.

"நான் எண்ணித்தான் குடுக்கறேன் மொதலாளி. எண்ணித்தான் வாங்கறேன்."

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல. தாழ்ப்பாள் போட்டுக்கறாங்க பாரு, அதுலதான் தைரியம் வருது. உள்ள இன்னா பண்றாங்கன்னு நமக்கு இன்னா தெரியும்?"

ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து அவரே தாழ்ப்பாளைக் கழற்றினார்.

அந்தக் கட்டடம் பழையது. தரை ரோட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தது. தாழ்ப்பாள் இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. இப்போது கதவைச் சாத்தினால், ஒரு மூச்சு விடும் நேரம் சாத்தியிருந்துவிட்டு, மெதுவாகத் தானே திறந்துகொண்டது.

முதலில் மாட்டியது ஜெயகுமாரி டீச்சர்.

"பூங்காவனம், இந்தக் கதவு நிக்க மாட்டேங்குது."

"நீங்க போட்டுப் பாருங்க டீச்சர். நான் முதுகைக் குடுத்துகினு நிக்கறேன்."

நின்றாள். நன்றாகத்தான் நின்றாள். இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு அம்மா, "யம்மா, இந்த கவுன்ல சின்ன சைஸ் கீதா?" என்று கேட்டாள். பூங்காவனம் எட்டி கவுனை எடுத்தாள். எட்டியது ஒரு முழம்கூட இருக்காது. கதவு திறந்துகொண்டது.

கல்லாவில் பணம் கொடுக்க நின்றிருந்தவர் டீச்சரிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா. நல்ல மனிதர். அந்தக் கணமே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டீச்சர் புடவையைக் கட்டிக்கொண்டு கடையை விட்டே போன பிறகும் திரும்பவில்லை. "போய்ட்டாங்க சார், திரும்பலாம்" என்று இக்னேஷியஸ் சொல்ல வேண்டியிருந்தது.

டீச்சர் அதன் பிறகு வரவில்லை. வந்தவர்களும் தனியாக உள்ளே போகவில்லை. போட்டுப் பார்க்க ஒருத்தி, கதவைப் பிடிக்க அவள் அக்கா, அக்காவுக்குத் துணையாக அண்ணி, இடுப்பு சரியாக இருக்கிறதா என்று சொல்லப் பக்கத்து வீட்டுக்காரி. உள்ளேயிருந்து முழங்கைகள் பிளைவுட்டில் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒருத்தியா போனப்ப ஒருத்தி மேல சந்தேகப்பட்டேன்" என்றார் இக்னேஷியஸ். "இப்ப ஒரு கூட்டத்து மேல சந்தேகப்பட வேண்டியதா கீது."

அடுத்த சனிக்கிழமை சரக்கு எண்ணியபோது ஆரஞ்சு இல்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். திங்கட்கிழமை கோதண்டத்தைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அறையை அடித்த தச்சு வேலைக்காரர் அவர்தான்.

"மேல தலை தெரியணும். கீழ காலு தெரியணும். நடுவுல மட்டும் தெரியக் கூடாது" என்றார் இக்னேஷியஸ்.

கோதண்டம் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இது இன்னாத்துக்கு நைனா? ஒரு துண்டைக் கட்டி உட்டுட்டா போச்சு."

"சொன்னதைச் செய்யி கோதண்டம்."

"நான் அடிச்ச கதவை நானே அறுக்கறேன். எனக்கு இன்னா, ரெண்டு வேலைக்கும் கூலி வரும்."

கீழே முழங்கால் வரையும் மேலே கழுத்து வரையும் அறுத்து, தானே திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு ஸ்பிரிங்கும் வைத்தார். மிச்சமிருந்ததைக் கதவு என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் மனசு வேண்டும்.

உயரமான பெண்கள் போனால் தோளே தெரிந்தது. குள்ளமான பெண்கள் போனால் பூ மட்டும் தெரிந்தது. கீழே, யார் எதைக் கழற்றுகிறார்கள், அது எப்போது காலடியில் விழுகிறது என்பது கடைக்கே தெரிந்தது. ஒருநாள் பனியன் வாங்க வந்த ஒருவர், பனியனைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குக் கீழேயே பார்த்தார்.

"இன்னா சார் பார்க்கறீங்க?" என்று பூங்காவனம் கண்டிப்பாகக் கேட்டாள்.

"அந்தக் காலு எங்க ஊட்டுக்காரி காலு மாதிரி கீது."

உள்ளே கால்கள் அசையாமல் நின்றன.

"பல்லு வலி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா" என்றார் அவர்.

"வலி நின்னுடுச்சி" என்று கதவுக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. "வந்ததும் வந்தீங்க, இது நல்லா கீதா பாருங்க."

பெண்களும் வழி கண்டுபிடித்தார்கள். "பூங்காவனம், அந்த நைட்டி ரெண்டு குடு, கீழ தொங்க உட்டுக்கறேன். மேலுக்கு ஒரு பாவாடைத் துணி குடு." போட்டுப் பார்க்க ஒரு சுடிதார், மறைத்துக்கொள்ள அரை அலமாரி. பூங்காவனம் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி, ராத்திரி தூக்கத்திலும் எண்ணினாள்.

"இன்னா எண்ணிகினு கீறே?" என்று ஆனந்தன் எழுப்பிக் கேட்டான்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியா கீது."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை கண்ணாடி வைத்த கறுப்பைத்தான் காணோம்.

அடுத்த யோசனை இக்னேஷியஸின் மச்சான் கொடுத்தது. அவர் பட்டணத்தில் பெரிய பாத்திரக் கடை ஒன்றில் மேற்பார்வை பார்ப்பவர்.

"பேச்சு குடுத்துகினே இருக்கணுமாம்" என்றார் இக்னேஷியஸ். "பதில் சொல்லிகினு கீறவளுக்குக் கை ஓடாதாம்."

பூங்காவனம் அதிகம் பேசுகிறவள் இல்லை. "இன்னா பேசறது மொதலாளி?"

"ஏதாச்சும் பேசு. நிறுத்தாத."

முதல் நாள் அவள் சைஸ் பற்றியே கேட்டாள். "அக்கா, இடுப்பு புடிக்குதா? மார்பு பத்துதா? இன்னும் பெரிசு தரட்டுமா?" கடையிலிருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். உள்ளேயிருந்தவள் பதிலே சொல்லாமல் துணியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் பூங்காவனம் பேச்சை மாற்றினாள். "சாப்ட்டீங்களா அக்கா? இன்னா கொழம்பு?"

அன்றைக்கு உள்ளே இருந்தது ஆரோக்கியம்மாள். கரையான்சாவடியிலிருந்து மகளுக்குத் துணி எடுக்க வந்தவள். மகளும் தானும் ஒரே அளவு என்று தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழம்பா? என் மருமவ வெச்ச கொழம்பைக் கேக்கறியா?" என்றாள்.

பூங்காவனம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நிறுத்தாதே என்பது முதலாளி உத்தரவு. "ஏன் அக்கா, அவங்க வெக்கறது நல்லா இருக்காதா?"

கதவுக்கு மேலே ஆரோக்கியம்மாளின் தலை, சாட்சிக் கூண்டில் நிற்பதைப் போலத் தெரிந்தது. புளி கரைத்ததில் தொடங்கினாள். மருமகள் வந்த நாளுக்குப் போனாள். அங்கிருந்து சம்பந்தியிடம் போனாள். துணி வாங்க வந்தவர்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "அது உம்மேலயும் தப்பு கீதும்மா" என்று ஒரு கிழவர் சொன்னார். "உனக்கு இன்னா தெரியும் பெரிசு, நீ ஒரு நாளு அந்த ஊட்ல வந்து இருந்து பாரு" என்று கூண்டிலிருந்து பதில் வந்தது. சுடிதார் எடுக்க வந்த இரண்டு பெண்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் பஸ் வந்ததும் போய்விட்டார்கள்.

கடைசியில் ஆரோக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "மனசு லேசாயிடுச்சி பூங்காவனம். துணி அடுத்த வாரம் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை ரோஸைக் காணோம்.

இக்னேஷியஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் பூங்காவனத்துக்குப் பயமாக இருந்தது.

"ஒக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை.

"கோதண்டத்தை வரச் சொல்லியிருக்கறேன். பழையபடி முழுக் கதவே போட்டுடலாம். தாழ்ப்பாளும் வெச்சிடலாம். நம்பி வருவாங்க." ஸ்டாக் ரூம் பக்கம் திரும்பினார். "பின்பக்கப் பலகையில ஒரே ஒரு ஓட்டை. சின்னது. ஸ்டாக் ரூம்ல நின்னா உள்ள தெரியும்."

"யாரு பார்க்கறது?"

"சீ, நானா பார்க்கப் போறேன்? நீதான். பொம்பளைக்குப் பொம்பளை. இதுல இன்னா கீது?"

பூங்காவனம் தரையைப் பார்த்தாள். அவள் அந்தக் கடையில் அதுவரை எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை.

"நான் பார்க்க மாட்டேன் மொதலாளி."

"ஏம்மா, பிரசவம் பார்க்கறாங்க, பார்க்கறது இல்லையா?"

"அது தெரிஞ்சி பார்க்கறது. அவங்க கூப்புட்டுப் பார்க்கறது." "எம்மேல சந்தேகம்னா தெனம் என் பையைத் தொறந்து பாருங்க. அவங்களைப் பார்க்கச் சொல்லாதீங்க."

"உம்மேல சந்தேகமே இல்ல. ஆனா துணி போய்கினே கீதே. இப்படியே போனா கடைய மூடணும். அப்புறம் நீயும் இல்ல, நானும் இல்ல." அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை ஓட்டை போட்டுடுவாரு. நீ பார்க்கலன்னா, பார்க்கற ஆளை வெச்சிக்கணும். எனக்கு வேற வழி தெரியல பூங்காவனம்."

வீட்டில் ஆனந்தன் முழுவதையும் கேட்டான். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவன் என்பதால் அதட்டிப் பேசுவதை அவன் விட்டு நாளாகியிருந்தது.

"ஒண்ணு பண்ணு" என்றான். "ஓட்டைகிட்ட போய் நில்லு. கண்ணை மூடிக்க. பார்த்தியான்னா பார்த்தேன்னு சொல்லு."

"அதுக்கு ஓட்டையே வேணாமே."

"வேலை வேணும்ல."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கதவைச் சாத்திட்டா உள்ள நாம மட்டுந்தான்னு நெனைச்சிகினுதான் ஒரு பொண்ணு அங்க நிக்கறா. அந்தத் தாழ்ப்பாளை நான் மறுபடி வெச்சிக் குடுத்துட்டு, பின்னாடி போய் நிக்கறதா? திருடறவ துணியைத்தான் எடுத்துகினு போறா."

ஆனந்தன் தட்டில் கை கழுவினான். "ஐயப்பன்தாங்கல்ல ஒரு பேக்கரில ஆள் கேக்கறாங்களாம். நான் போய்ப் பார்க்கறேன்" என்றான்.

வியாழக்கிழமை காலையில் கோதண்டம் புதுக் கதவை மாட்டி முடித்தார். தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. பிறகு கை டிரில்லை எடுத்துக்கொண்டு ஸ்டாக் ரூமுக்குப் போனார்.

"தங்கச்சி, இங்க வந்து நில்லு. உன் கண்ணு எந்த ஒயரத்துல வருதுன்னு குறிச்சிக்கணும்."

"நிக்க மாட்டேன் அண்ணாத்தே."

கோதண்டம் முதலாளியைப் பார்த்தார். இக்னேஷியஸ் தானே போய்ப் பலகைக்கு முன்னால் நின்று, பூங்காவனத்தின் உயரத்துக்கு முழங்காலை மடக்கினார். கோதண்டம் பென்சிலால் குறி வைத்தார்.

"இப்படி குந்திகினே எவ்ளோ நேரம் நைனா பார்ப்பே?" என்றார்.

"நான் பார்க்கலப்பா."

"எல்லாரும் பார்க்கலன்னா யாருக்கு இந்த ஓட்டை?"

பூங்காவனம் தன் சாப்பாட்டுத் தூக்கையும் பையையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு போக முதலாளி வெளியே வரட்டும் என்று நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் கடைக்குள் வந்தார்கள். அந்த வாரம் வந்த முதல் சுடிதார் கிராக்கி அவர்கள்தான்.

"ஷோகேஸ்ல பொம்மை போட்டுகினு கீற ஊதா வேணும்" என்றாள் அந்தப் பெண்.

இக்னேஷியஸ் ஸ்டாக் ரூமிலிருந்து வேகமாக வந்தார். "வேற ஊதா காட்டறேன்மா. கையில கோடு போட்டது கீது, பாருங்க."

"எனக்கு அதுதான் வேணும். பஸ்ல போறப்பல்லாம் பார்க்கறேன்."

"அதுல ஒண்ணுதான் கீது."

"அப்ப அதையே குடுங்க" என்றாள் அம்மா. பிறகு ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா இவளுக்குப் பெரிசா இருக்கும்போல. அந்த பொம்மை நல்லா சதையா கீது."

"பொம்மைங்க எல்லாம் ஒரே அளவுதாம்மா. போட்டுப் பார்த்துக்கலாம், டிரையல் ரூம் கீது" என்று சொன்ன இக்னேஷியஸ், பூங்காவனத்தின் தோளில் பையைப் பார்த்தார். கெஞ்சுவது போல, "இதை மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

பூங்காவனம் பையை இறக்கி வைத்தாள். ஷோகேஸின் சின்னக் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரங்க் ரோடு. எதிரே பஸ் ஸ்டாப்பில் ஒரு கூட்டம் நின்று, வேறு வேலை இல்லாததால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பொம்மையின் பின்கழுத்துப் பட்டனில் கை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் செலின் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். இக்னேஷியஸின் மனைவி. கடையில் அவளுக்கு ஒரே ஒரு வேலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் கடையைத் திறந்து, ஷோகேஸ் பொம்மைக்குப் புதுத் துணி போட்டுவிட்டுப் போவாள். அதில் வேறு யாரும் கை வைக்க விடமாட்டாள்.

"இன்னா பண்றே பூங்காவனம்?"

"ஊதாவைக் கழட்டணும்மா. கிராக்கி கேக்கறாங்க."

"ரோட்டைப் பார்த்துகினா? அந்த பஸ் ஸ்டாப்புல எத்தினி ஆம்பளைங்க கீறாங்க பாரு. பொம்மையை உள்ள தூக்கிகினு போயி, கதவைச் சாத்திகினு கழட்டு."

"பொம்மைதானே செலின்" என்றார் இக்னேஷியஸ். "நீ வாரா வாரம் அங்கேயே நின்னுதானே மாத்தறே?"

செலின் கேரியரைக் கல்லா மேல் வைத்தாள்.

"நான் எங்க மாத்தினேன்? நடு ரோட்டைப் பார்த்துகினு நிக்கற பொண்ணை அவுத்து நிறுத்த எனக்கு மனசு வருமாங்க? ஒண்ணையும் கழட்டாம, வாரா வாரம் மேலயேதான் போட்டு உட்டுகினு வர்றேன்."